தூக்கி வைத்து அளந்த நீளம்

வடக்குப்பட்டில் தகரக் கொட்டகை ஒன்றில் பட்டறை நடத்தும் ஒருவர்மீது எனக்குப் பொறாமை. இதை எழுதுமுன் வேறு சொற்களைத் தேடிப் பார்த்தேன். மனத்தாங்கல், அதிருப்தி, அபிப்பிராய பேதம் என்று பலவும் அகப்பட்டன. அலுவலகக் குறிப்பாக இருந்தால் அவற்றுள் ஒன்றைப் போட்டுக் கையெழுத்திட்டிருப்பேன். இது அலுவலகக் குறிப்பன்று. ஆகவே உள்ள சொல்லையே எழுதுகிறேன்.

ஒரகடத்தில் லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் டிரைவ் ஷாஃப்ட் தயாரிக்கும் தொழிற்சாலையொன்றில் வடிவமைப்புப் பிரிவின் தலைவனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின் ஆக்ஸிலுக்குக் கொண்டு செல்லும் இரும்புக் குழாய்தான் டிரைவ் ஷாஃப்ட். வண்டிக்கு அடியில் கிடப்பதால் அதை ஒருவரும் பார்ப்பதில்லை. அது முறிந்தால் மட்டுமே நினைப்பார்கள். எங்கள் ஆலையின் வாயிலைக் கடந்துபோன ஒவ்வொரு ஷாஃப்டின் வரைபடத்திலும், வலது கீழ் மூலையில், ஒப்புதல் என்ற கட்டத்துக்குள் என் கையெழுத்து இருந்தது. ஸ்ரீபெரும்புதூர் சாலையில் எதிரே லாரிகள் வரிசையாக வரும்போது, இவற்றுள் சில என் கையெழுத்தில் ஓடுகின்றன என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்ளும் வழக்கம் எனக்கு இன்றும் உண்டு.

அந்தப் பட்டறைக்காரர் அதே ஆலையில் பாலன்ஸிங் மெஷின் ஆபரேட்டராக இருந்தவர். பிள்ளைப்பாக்கத்தில் பயிர் வைத்த குடும்பம். என்னைவிட மூன்று வயது இளையவர். ஷாஃப்டை இயந்திரத்தில் பூட்டிச் சுழலவிட்டு, எந்தப் பக்கம் எடை மிகுதி என்று பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கத்தில் சிறு இரும்புத் துண்டைப் பற்றவைப்பது அவர் வேலை. சமநிலை வந்ததும் ஆபரேட்டர்கள் தத்தம் நிறத்தில் ஒரு பெயிண்ட் பொட்டு வைப்பார்கள். அவருடையது வெள்ளை. வெள்ளைப் பொட்டு வைத்தது திரும்பி வராது என்று லைனில் பேசிக்கொள்வார்கள். வரைபடத்தின் கையெழுத்தைப் பற்றி யாரும் அப்படிப் பேசியதாக என் காதில் விழுந்ததில்லை.

ஒருமுறை, பேருந்துகளில் அதிர்வு இருப்பதாக ஒரு வாடிக்கையாளரிடமிருந்து புகார் வந்தது. என் பிரிவு இரண்டு வாரம் கணக்குப் போட்டது. குழாயின் தடிமனை மாற்றுவதாக முடிவு செய்தோம். தேநீர் இடைவேளையில் அந்தப் பக்கமாக வந்த அவர், மேசைமேல் கிடந்த ஷாஃப்டின் இணைப்பை, கிராஸ் எனப்படும் சிலுவைத் துண்டு உட்காரும் இடத்தை, இரண்டு விரலால் அசைத்துப் பார்த்தார். "கிராஸ் உள்ள லூசா உக்காந்துகினு கீது சார். குழாய மாத்தி பிரயோஜனம் இல்ல" என்றார். அதுதான் காரணம். நான் சமர்ப்பித்த அறிக்கையில், இணைப்பில் தளர்வு கண்டறியப்பட்டது என்று எழுதினேன். கண்டறிந்தவர் யார் என்று எழுதவில்லை. மேலிடத்தில் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். மறுநாள் அவர் எனக்கு வழக்கம்போல் வணக்கம் சொன்னார். அந்த வணக்கத்தில் ஒரு சிறு குத்தலாவது இருக்குமா என்று தேடினேன். இல்லை என்பது எனக்கு ஆறுதலாக இல்லை.

பிறகு அவர் விருப்ப ஓய்வில் வெளியேறினார். ஆலை பழைய பாலன்ஸிங் இயந்திரம் ஒன்றைக் கழிவாக விற்றபோது அதை எடுத்துக்கொண்டு போய் வடக்குப்பட்டில் நிறுத்தினார் என்று கேள்விப்பட்டேன். டிராக்டர்க்காரர்களுக்கு வேலை செய்வார் என்று எண்ணினேன். ஆனால் வந்து நின்றவை டிராக்டர்கள் அல்ல. இன்ஜினின் சக்தியைக் கூட்டிக்கொண்டு, அந்தச் சக்தியைத் தாங்காமல் ஷாஃப்டை முறித்துக்கொள்ளும் வேகக் கார்கள், பெங்களூரிலிருந்தும் கொச்சியிலிருந்தும் வந்து அவர் கொட்டகைக்கு வெளியே வரிசையில் நின்றன. எங்கள் ஆலையில் ஓய்வு பெற்றவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் அந்த வரிசையைப் படமெடுத்துப் போட்டார். அதன் கீழே கைதட்டும் சின்னங்கள் நிறைந்தன. நானும் ஒன்று போட்டேன். போடாமல் இருந்தால் கவனிப்பார்கள்.

என் மருமகன் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறார். நல்ல மனிதர், ஒரே ஒரு பித்து உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மேலதிகாரிகள் ஏறி வந்த, நீண்ட மூக்குடைய உள்நாட்டுக் கார் ஒன்றின் பழைய கூடு அவருக்குக் கிடைத்தது. அதில் வெளிநாட்டுக் காரின் இன்ஜினைப் பொருத்தி, இருங்காட்டுக்கோட்டை ஓடுதளத்தில் நேர்கோட்டில் பாயவிடுவதே அவருடைய ஞாயிற்றுக்கிழமை. முதல் பாய்ச்சலிலேயே பழைய ஷாஃப்டின் இணைப்பு முறிந்தது. மாற்றிப் போட்டதும் முறிந்தது.

அந்த வாரம் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர், இனி பெரிய ஷாஃப்டாகப் போட வேண்டும் என்றார். தயிரைப் பரிமாறிக்கொண்டிருந்த என் மகளிடம்தான் சொன்னார், எனக்கும் கேட்கும்படி.

"வடக்குப்பட்டுல ஒருத்தர் இருக்காராம் மாமா. ஷாஃப்ட் டாக்டர்னே சொல்றாங்க. உங்க பிளான்ட்ல இருந்தவராமே, உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன். இயந்திரத்தை ஓட்டியவர், நல்ல தொழிலாளி என்றேன். அதற்கு மேல் ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும்; சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, இந்த வீட்டில் ஒரு ஷாஃப்ட் தேவையென்றால் அதற்கு வெளியே போக வேண்டிய அவசியம் இல்லை என்றேன். மகளுக்குப் பெருமை தாங்கவில்லை. மருமகன் உடனே ஒப்புக்கொண்டார். அவர் ஒப்புக்கொண்ட வேகத்தில் மரியாதை எவ்வளவு, நம்பிக்கை எவ்வளவு என்று அன்று பிற்பகல் முழுவதும் எடைபோட்டுக்கொண்டிருந்தேன்.

கார் மணிமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு சர்வீஸ் நிலையத்தில் நின்றது. அடுத்த நாள் நான் இஸ்திரி போட்ட சட்டையோடு அங்கே போனேன். மருமகன் பொத்தானை அழுத்த, இரண்டு தூண்களுக்கு நடுவே கார் மேலே எழுந்தது. நான் குனியாமல், நிமிர்ந்து நின்றபடியே அதன் அடிவயிற்றைப் பார்த்தேன். கியர்பாக்ஸின் வாயிலிருந்து பின் ஆக்ஸிலின் தட்டு வரை எஃகு நாடாவை இழுத்து, மூன்று முறை அளந்து, மூன்றும் ஒன்றாக வந்ததைக் குறித்துக்கொண்டேன். அங்கிருந்த மெக்கானிக்குகள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

வரைபடத்தை நான்கு நாளில் முடித்தேன். குழாயின் விட்டத்தைக் கூட்டி, சுவரைத் தேவைக்கு மேல் தடிக்கவிடாமல், கிராஸை ஒரு அளவு பெரிதாக்கி, அந்த இன்ஜினின் உச்ச வேகத்திலும் குழாய் வில்லாக வளையாது என்று கணக்கில் நிறுவினேன். லாரிக்குப் போட்ட கணக்கைக் காருக்கு அப்படியே போடும் ஆள் நான் அல்லேன். ஆலைக்கு நீண்டகாலம் உதிரிப் பாகம் கொடுத்து வந்த ஒரு சப்ளையர், என்மீதுள்ள மரியாதையால், குழாயை வெட்டிப் பற்றவைத்துக் கொடுத்தார். எஞ்சியது பாலன்ஸிங் மட்டுமே. அத்தனை வேகத்தில் சுழலும் ஷாஃப்டைச் சமன்செய்யும் இயந்திரம் சப்ளையரிடம் இல்லை.

ஆலைக்குப் போனேன். வாயிலில் என்னை அறியாத காவலர் ஒருவர் கைப்பேசியில் என் முகத்தைப் படமெடுத்து, பார்வையாளர் அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டார். இப்போதைய மேலாளர் காபி வரவழைத்தார். ஒற்றை ஷாஃப்டை லைனில் ஏற்ற விதியில் இடமில்லை என்று மிகவும் பணிவாகச் சொன்னார். அந்த விதியை எழுதியவர்களுள் நானும் ஒருவன். அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது, போக வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான் மீதம் இருந்தது.

சனிக்கிழமை காலை மருமகன் அந்தக் காரை ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு வர, நான் ஷாஃப்டோடு வடக்குப்பட்டுக்குப் போனேன். மறுநாள் ஓடுதளத்தில் அவர் பெயர் கொடுத்திருந்தார். கொட்டகைக்கு வெளியே நான்கு கார்கள் நின்றன. வாசலில் நின்ற இருவர் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். பட்டறைக்காரருடைய நேரத்துக்காகக் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது.

அவர் என்னைக் கண்டதும் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே எழுந்து வந்தார். "வாங்க சார், வாங்க" என்று சொல்லி, இருந்த ஒரே நாற்காலியைத் தட்டிப் போட்டார். ஆலையில் அவரை நான் வாப்பா போப்பா என்றே அழைத்து வந்தேன். அவர் கொட்டகையில் நின்றுகொண்டு, ஆங்கிலம் பேசும் இருவர் கேட்க, அப்படி அழைக்க நாக்கு எழவில்லை. மரியாதையாக அழைக்கவும் எழவில்லை. "சௌக்கியமா?" என்று மட்டும் கேட்டேன். அந்தச் சொல்லில் இரண்டுக்கும் இடமிருந்தது.

வரைபடத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். அதன் பிறகு ஷாஃப்டைத் தொட்டுப் பார்த்தார். குழாயின் விட்டத்தைக் கூட்டியிருந்ததை மெச்சினார். "எல்லாரும் தடியா போட்டுகினு வராங்க சார். நீங்க சைஸ ஏத்தி கீறீங்க. அதான் கரெக்டு" என்று காத்திருந்தவர்களிடமும் காட்டினார். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அந்த மகிழ்ச்சியை அவர் கையிலிருந்து வாங்க வேண்டியிருந்ததே என்று கசப்பாகவும் இருந்தது. வெயில் ஏறியதும் தகரம் முறுகும் ஓசை கேட்டது. அந்த ஓசைக்கு நடுவே, வரைபடத்தில் நீளம் எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்து அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"இது வண்டி தரையில நின்னுகினு இருக்கும்போது எடுத்த அளவா சார்?"

கேள்வி முடியுமுன்பே எனக்கு விளங்கிவிட்டது. மணிமங்கலத்தில் கார் அந்தரத்தில் இருந்தது. சக்கரங்கள் தொங்கின, ஸ்பிரிங்குகள் விரிந்து, பின் ஆக்ஸில் தன் எடையால் கீழே இறங்கியிருந்தது. தரையில் நிற்கும்போது அது மேலே ஏறும். கியர்பாக்ஸுக்கும் அதற்கும் உள்ள தூரம் குறையும். தொங்கிய தூரத்துக்குச் செய்த ஷாஃப்ட் தரைக்கு நீளமானது. கார் சீறிக் கிளம்பும்போது பின்பக்கம் அமுங்கும்; அப்போது ஷாஃப்டின் முனை கியர்பாக்ஸின் பின்சுவரில் போய் முட்டும். ஓட்டுபவர் என் மகளின் கணவர்.

இத்தனையும் விளங்கிய நான் சொன்ன பதில், "ஆமாம், தரையில்தான்" என்பது.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "சரி சார். பாலன்ஸ் போடறதுக்கு முன்னாடி ஒருவாட்டி மாட்டிப் பாத்துடலாம்" என்று சொல்லி எழுந்தார். அவர் பட்டறையில் வண்டியைத் தூக்கும் தூண்கள் இல்லை. தரையில் வெட்டிய பள்ளம்தான் உண்டு. காரை அதன் மேல் நிறுத்திவிட்டு, ஷாஃப்டோடு உள்ளே இறங்கினார். வண்டி தன் சக்கரத்திலேயே நிற்க, அதற்கு அடியில் வேலை நடந்தது. அந்தப் பள்ளத்தை நான் ஏழ்மையின் அடையாளம் என்றே முதலில் எண்ணியிருந்தேன்.

சில நிமிடங்களில் மேலே வந்தார். மருமகனை ஒருபுறமாக அழைத்து, ஆனால் நான் கேட்கும்படி, சொன்னார்: "தம்பி, நீளம் கொஞ்சம் கூடுது. இடுக்குல விரல் போவணும், நகம்தான் போவுது. வெல்டிங்கில இழுத்துகினு கீது போல. சார் டிராயிங்ல ஒண்ணும் இல்ல. வெட்டி சரி பண்ணிடறேன்."

பற்றவைத்தால் இரும்பு சுருங்குமே தவிர நீளாது. அது எனக்குத் தெரியும்; அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எனக்காக அவர் பொய் சொல்கிறார் என்பதும், என் பொய்யை அவர் நம்பவில்லை என்பதும் ஒரே நேரத்தில் விளங்கின. அந்தக் கணத்தில் எனக்கு நன்றி தோன்றியிருக்க வேண்டும். தோன்றியது பொறாமைதான். அத்தனை சுலபமாகப் பிறர் மானத்தைக் காப்பாற்றிக் கொடுக்க ஒருவருக்கு எவ்வளவு இருப்பு இருக்க வேண்டும் என்று எண்ணினேன். என் கையிருப்பு முழுவதும் என் மானத்துக்கே போதவில்லை.

அத்தோடு முடிந்திருந்தால் நான் வாய் திறந்திருக்கமாட்டேன். மருமகனுக்குக் கோபம் வந்துவிட்டது. மாமா நம்பிக் கொடுத்த வேலையை இப்படியா செய்வது என்று கைப்பேசியை எடுத்துச் சப்ளையரை அழைத்தார். எல்லாரும் கேட்கும்படி ஒலியையும் கூட்டினார். அந்தப் பக்கத்துக் குரல் தடுமாறியது. சார் எழுதிக் கொடுத்த அளவை ஒரு நூல்கூட மாற்றவில்லை என்றது. மருமகன் விடவில்லை. அப்படியானால் சார் தப்பாக எழுதினார் என்கிறீர்களா என்று கேட்டார்.

 பிறகு அந்தக் குரல் சொன்னது: "ஐயோ, அப்படிச் சொல்லலைங்க. சார் தப்பு பண்ணமாட்டாரு. என் ஆளுங்கதான் ஏதாவது பண்ணியிருப்பாங்க. வேற ஒண்ணு பண்ணித் தரேன், சார்கிட்ட மட்டும் கோச்சிக்க வேணாம்னு சொல்லுங்க."

நான் நாற்காலியிலிருந்து எழுந்தேன். எழுந்து சொல்ல வேண்டும் என்று திட்டமிடவில்லை. உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியாது என்று மட்டும் தோன்றியது.

"அவர்மேல தப்பு இல்லை. வண்டியைத் தூக்கி வச்சு அளந்தது நான். இப்போ தரையிலதான் அளந்தேன்னு சொன்னதும் பொய்."

ஆங்கிலம் பேசிய இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். மருமகன் கைப்பேசியில் மன்னிப்புப் போல ஏதோ முணுமுணுத்துவிட்டு அணைத்தார்.  சினந்து ஒரு சொல், ஏளனமாக ஒரு சிரிப்பு, எதுவாயினும் பட்டறைக்காரரிடமிருந்து வரட்டும் என்று காத்திருந்தேன். வந்திருந்தால் எதிர்கொள்ள எனக்குத் தெரியும்.

அவர் சாவகாசமாக மேசையின் ஓரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். மருமகனைப் பார்த்துப் பேசினார், எனக்கும் சேர்த்துத்தான்.

"நம்ம பிளான்ட்ல இருந்தவன் எவனா இருந்தாலும் இத பண்ணுவான் தம்பி. அங்க வண்டிய யாரு பாத்தா? நீளம் பேப்பர்ல வரும். நாங்க எல்லாம் வண்டியே பாக்காம ஷாஃப்ட் போட்டவங்க. நான் மொதமொத பண்ண கார் இன்னா ஆச்சி தெரியுமா? கோயம்புத்தூர் பார்ட்டி. இதே மாதிரி தூக்கி வச்சி அளந்தேன். அந்தாளு வாசக் கேட்டத் தாண்டல, கியர்பாக்ஸ் ரெண்டா பூட்ச்சி. அப்பறம்தான் பள்ளம் தோண்டுனேன்."

ஆங்கிலம் பேசியவர்கள் இருவரும் சிரித்தார்கள். மருமகனும் சிரித்தார். அவரும் சிரித்தார். தம் வாடிக்கையாளர்கள் முன்னிலையில், தாம் உடைத்த கியர்பாக்ஸைப் பற்றி, வேறு யாருக்கோ நடந்ததுபோல் அவ்வளவு இலகுவாகச் சொல்லி முடித்தார். அவருடைய விரல்களின் நுண்ணுணர்வுக்காக நான் பொறாமைப்பட்டிருக்கிறேன். அவர் வாசலில் நிற்கும் கார்களுக்காகப் பட்டிருக்கிறேன். அன்று பட்டது அவை எல்லாவற்றையும்விடக் கூடுதல். ஒரு தவறைச் சொல்லிவிட்டு அதன் மறுபக்கத்தில் நின்று சிரிக்க ஒருவரால் முடிகிறது. நானோ ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன்.

அவர் புதிதாக ஒரு அளவு எடுத்து, என் வரைபடத்திலிருந்த எண்ணை அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதும்படி பேனாவை என்னிடமே நீட்டினார். நான் அடித்தேன், எழுதினேன், பக்கத்தில் சுருக்கொப்பமும் இட்டேன். குழாயை வெட்டிச் சேர்த்து, சுழலவிட்டு, இரண்டு சிறு துண்டுகளைப் பற்றவைத்து முடிக்கப் பிற்பகலாகிவிட்டது. எனக்குச் சாப்பாடு வாங்கி வரச் சொன்னார். வேண்டாம் என்றேன். வாங்கி வந்தார்கள், சாப்பிட்டேன்.

ஞாயிறன்று நானும் ஓடுதளத்துக்குப் போனேன்; பட்டறைக்காரரும் வந்திருந்தார். மருமகனின் கார் மூன்று முறை பாய்ந்தது. ஷாஃப்ட் தாங்கியது. மூன்றாவது ஓட்டம் முடிந்ததும் பட்டறைக்காரரைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் எண் வாங்கினார்; இன்னொருவர் தம் காரின் அடியைக் கைப்பேசியில் காட்டினார். கூடாரத்தில் தம் பக்கத்து நாற்காலியைத் தட்டி, வந்து உட்காரும்படி எனக்குச் சைகை செய்தார். வெயில் பிடித்திருக்கிறது என்பதுபோல் தலையசைத்துவிட்டு நான் காரின் அருகிலேயே நின்றேன்.

தலையில் தொப்பி அணிந்த ஒருவர் வந்து காரைச் சுற்றிப் பார்த்தார். தாமும் இதே மாதிரி கார் வைத்திருப்பதாகச் சொன்னார். ஷாஃப்ட் யார் செய்தது என்று என்னிடம் கேட்டார்.

"வரைஞ்சது நான். நீளம் தப்பா இருந்தது. அதைச் சரி பண்ணி, பாலன்ஸ் போட்டது அவர்" என்று கூடாரத்தைக் காட்டினேன்.

அவர் நன்றி சொல்லிவிட்டுக் கூடாரத்தை நோக்கி நடந்தார். அங்கே நின்றவர்கள் விலகி அவருக்கு இடம் விட்டார்கள். குழாயின் விட்டத்தை ஏன் கூட்டினேன் என்று தொப்பிக்காரர் அடுத்ததாக என்னிடம் கேட்பார் என எண்ணி, நான் பதிலை ஆயத்தமாக வைத்திருந்தேன்.